பண்டிகைப் படமும் நமது தராசும்

தீபாவளியன்று காலை பத்து மணியளவில் ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் நடந்து செல்வோர் ஒரு விந்தையைக் காண்பர். முதல் நாள் நள்ளிரவு வரை தோளோடு தோள் உரச மக்கள் நெருங்கிய அத்தெரு, அன்று காலை வெறிச்சென்று கிடக்கும். எண்ணெய் முழுக்கு முடிந்து, புத்தாடை உடுத்து, இட்டலியும் ஆட்டிறைச்சிக் குழம்பும் உண்டு களைத்த குடும்பங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்துவிட்ட நேரம் அது. தீபாவளிக்கென்றே இந்நாட்டில் எடுக்கப்பட்ட படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பட்டணத்தில் வேலை பார்க்கும் மகன் வீடு திரும்புகிறான், அண்ணன் தம்பிக்குள் வழக்கு, தாய்க்கு நோய், இறுதியில் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து தலையில் எண்ணெய் வைத்துக்கொள்கின்றனர். படம் முடிந்ததும் வீட்டில் ஒருவர், “என்ன படம் இது, முதலிலேயே முடிவு தெரிந்துவிட்டதே” என்பார். உடனே பாட்டி, “நல்ல நாளும் அதுவுமாய்க் குறை சொல்லாதே” என்று வாயை அடைத்துவிடுவாள். வழக்கு அதோடு தள்ளுபடி.

பாட்டியின் இத்தீர்ப்பைப் பற்றியே நாம் இங்கே எழுதப் புகுகின்றோம். அது நேற்று முளைத்ததன்று. பண்டிகைப் படம் என்ற ஒன்று தோன்றிய காலந்தொட்டு, அதை எந்தத் தராசில் நிறுப்பது என்ற குழப்பம் நம்மிடையே இருந்தே வருகின்றது. குழப்பத்திற் பாதி பொதுமக்களுடையது. மற்றப் பாதி சீர்திருத்தக்காரராகிய நம்முடையது. நம்முடையதை முதலிற் சொல்லிவிடுவது நேர்மை.

தீபாவளியை நாம் ஏற்பதில்லை. ஒருவன் கொலையுண்ட நாளைக் கொண்டாடுவது அறிவுடைமையோ என்ற வினாவைப் பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ ஏடு ஐப்பசிதோறும் எழுப்பி வந்தது. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் அவரும் நாகம்மையாரும் மலாயாவுக்கு வந்தபோது முதலில் இறங்கியது இந்தப் பினாங்குத் துறைமுகத்தில்தான். அக்காலத்துத் தோட்டங்களில் தீபாவளி என்றால் கடைக்காரரிடம் கடன், கங்காணியிடம் கைநீட்டல், கள்ளுக்கடையில் கூலி கரைதல் என்றே பொருள். அதைக் கண்டிக்க வேண்டியிருந்தது, கண்டித்தோம். 1935இல் ‘தமிழ் முரசு’ ஏட்டை நிறுவிய கோ. சாரங்கபாணி அவர்கள், சமயப் பூசலுக்கு இடமில்லாத ஒரு நாளில் தமிழர் யாவரும் கூட வேண்டுமென்று 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தார். இவையெல்லாம் நமக்குப் பெருமை தருவன. ஆயினும் நம்மிற் பலர் ஒரு பிழை செய்தோம். பண்டிகையை விலக்கியபோது பண்டிகைப் படத்தையும் சேர்த்து விலக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஊரே கூடியிருந்து பார்க்கும் ஒன்றைப் பாராமலிருப்பது கொள்கையாகலாம், ஆராய்ச்சியாகாது.

படத்தொழில் நடத்துவோர் தீபாவளியை விடவில்லை. மக்கள் கையில் காசும் ஓய்வும் ஒருங்கே இருக்கும் நாள் வேறு எது? 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்குச் சென்னை பிராட்வே கொட்டகையில் வெளியான ‘ஹரிதாஸ்’ 110 வாரங்கள் ஓடி மூன்று தீபாவளிகளைக் கண்டது. மனைவியின் சொற்கேட்டுப் பெற்றோரைப் புறக்கணித்துத் தாசியின் பின்னே அலைந்தவன், பின்னர் மனந்திருந்திப் பெற்றோரையே தெய்வமாகத் தொழுகின்றான் என்பது கதை. கதாநாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதரோ படம் வெளியான அடுத்த மாதமே ஒரு கொலை வழக்கிற் சிக்கிச் சிறை புகுந்தார். அவரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் விடுதலை பெற்றது 1947இல். அவர் சிறையில் இருக்கையில் அவர் பாட்டைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. இதனைக் கலையின் வெற்றி என்பாரும் உளர். பண்டிகை நாளில் மக்கள் தராசைக் கீழே வைத்துவிட்டுத்தான் கொட்டகைக்குள் நுழைகின்றனர் என்பதற்கும் இது சான்று. மருமகள்மேற் பழி சுமத்தும் கதை மூன்று தீபாவளிக்கு ஓடியதே, அதைப் பார்த்த மருமகள்மார் எத்தனை ஆயிரவர்!

அந்த 1944ஆம் ஆண்டுத் தீபாவளியில் மலாயாத் தமிழன் எங்கே இருந்தான் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். நாடு ஜப்பானியர் கையில். சென்னைக் கப்பல் இல்லை, புதுப்படமும் இல்லை. சயாம்–பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரவரில் திரும்பாதவர் எத்தனை பேர் என்று லயத்துக்கு லயம் பெண்கள் எண்ணிக்கொண்டிருந்த காலம். பாதை வேலை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது; ஆட்கள் முடியவில்லை. ‘ஹரிதாஸ்’ இந்நாட்டார் கண்ணிற் பட்டது போருக்குப் பின்னர்த்தான். ஆகவே இங்கே அதைப் பார்த்து அழுதவர்கள் படத்திற்காக மட்டும் அழுதார்கள் என்று நாம் கருதவில்லை.

இனி 1952க்கு வருவோம். அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள், தீபாவளியன்று, ‘பராசக்தி’ வெளிவந்தது. மு. கருணாநிதி வசனம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், சிவாஜி கணேசனின் முதற் படம். பெயரோ அம்மன் பெயர். நாளோ பண்டிகை நாள். உள்ளே இருந்ததோ பூசாரியின் வேடத்தைக் கலைத்து, கோவிலின் பெயரால் நடக்கும் அக்கிரமத்தை நீதிமன்றக் கூண்டில் நின்று கேட்கும் கதை. தீபாவளியை வெறுத்த இயக்கத்தின் மிகக் கூரிய அம்பு தீபாவளி நாளிலேதான் வில்லைவிட்டுப் புறப்பட்டது! படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்று கூக்குரல் எழுந்தது, கேலி எழுதினர், மறுபடி தணிக்கை செய்யக் கோரினர். குறை சொல்லலாகாத நாளில் வந்த படம், அந்நாள்வரை குறை சொல்லப்படாத பலவற்றின்மீது குறை சொன்னது. பண்டிகைப் படம் என்றாலே இனிப்புப் பொட்டலம் என்று முகஞ்சுளித்திருந்த நம்மவர் அன்று வெட்கியிருக்க வேண்டும்.

மலாயாத் தமிழனுக்கு அப்படத்தில் வேறொரு நெருக்கமும் இருந்தது. அதன் அண்ணன்மார் மூவரும் இரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர்கள். தங்கையின் திருமணத்துக்கு வரக் கப்பல் கிடைக்காமல், போரில் சிதறுண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமல் அலைந்தவர்கள். கடல் கடந்தவனின் துயர் நமக்குக் கதையன்று. ஆனால் ஊன்றி நோக்கினால் ஒன்று புலனாகும். படம் பிடிக்கும் கருவி மதுரையில் நிற்கின்றது, இரங்கூனில் நிற்கவில்லை. கடல் கடந்தவன் ஊருக்குத் திரும்பினால்தான் கதையில் அவனுக்கு இடம். திரும்பாமல் அங்கேயே மரம் வெட்டி, பிள்ளை பெற்று, மண்ணோடு மண்ணானவனைப் பற்றி அக்கருவிக்கு ஒன்றும் தெரியாது. அக்குறையைக் குறையாக அன்று எவரும் எண்ணவில்லை, நாமுந்தான்.

படங்கள் இங்கே வந்த வழியும் சொல்லத் தக்கது. நிபோங் திபால், பத்து காவான், பிறை ஆகிய பகுதிகளில் கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே, அதாவது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டே, தமிழர் வேலை செய்து வந்தனர். கரும்பு போய் ரப்பர் வந்தது. பண்டிகைக்கு அவர்களிற் சிலர் பட்டர்வொர்த்திற் படகேறித் தீவுக்கு வந்து பட்டணத்துக் கொட்டகைகளிற் படம் பார்த்தனர். வர இயலாதவர்க்குத் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினர். பாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மாலையிலேயே இடம் பிடிப்பார்கள். கிராணி குடும்பத்துக்கு நாற்காலி, மற்றவர்க்குத் தரை. திரைக்குப் பின்புறம் அமர்ந்து இடம்வலம் மாறிய படத்தைப் பார்த்தவர்களும் உண்டு. படத்தின் நீதி எதுவாயினும் அமரும் முறை மாறவில்லை என்பதை மட்டும் குறித்து மேலே செல்வோம்.

இத்தனைக்கும் படம் எடுக்கும் ஆற்றல் நம்மவர்க்கு இல்லாமலில்லை. இந்தியாவிற் பிறந்து சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த எல். கிருஷ்ணன், 1950இல் ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்தை இயக்கி, இதே பினாங்கில் 1929இல் பிறந்த பி. ரம்லீயை முதன்முதலாகக் கதாநாயகனாக்கினார். சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் கூடத்தில் மலாய்ப் படங்களை உருவாக்கியவர்களிற் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்களே. பிறர்க்குப் படம் எடுத்துக் கொடுத்த நாம், நமக்கென்று ஒன்றை எடுக்கவில்லை. 1960களின் இறுதியில்தான் இந்நாட்டின் முதல் தமிழ்ப் படம் என்று சொல்லப்படும் ஒன்று வந்தது. அதன் பெயர் ‘இரத்தப் பேய்’. பெயரைக் கேட்டதும் சீர்திருத்தக்காரர் நெஞ்சு குளிர்ந்திராது. போகட்டும்.

நிலைமையை மாற்றியது கொட்டகையன்று; பெட்டி. 1963 டிசம்பர் 28இல் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிற்று. அரசாங்கத் தொலைக்காட்சியில் தமிழுக்கென்று ஒதுக்கிய நேரம் கையளவே; அதில் வரும் தமிழ்ப் படத்துக்காகத் தோட்டத்து மண்டபத்தில் கூட்டம் கூடும். 1980களில் வீடியோ நாடா வந்து திடலைக் காலி செய்தது. 1996இல் ஆஸ்ட்ரோ ‘வானவில்’ அலைவரிசையைத் தொடங்கியபின், தமிழ் நாளெல்லாம் ஒலிக்கலாயிற்று. நாளெல்லாம் ஒலிக்கும் அலைவரிசைக்குப் பண்டிகைக்குப் பண்டிகை புதுச் சரக்கு வேண்டுமன்றோ? அங்கேதான் ‘டெலிமூவி’ என்று நம்மவர் வழங்கும் தொலைக்காட்சிப் படத்திற்கு இடம் பிறந்தது. சென்னையின் பெரும்படங்களோடு பக்கத்திற் பக்கமாக, இந்நாட்டு இளைஞர் குறைந்த பணத்தில், குறைந்த நாள்களில் எடுத்த தீபாவளிப் படங்களும் அரசாங்க அலைவரிசையிலும் தனியார் அலைவரிசையிலும் வரத் தொடங்கின.

இவ்வழக்கம் நமக்கே உரியது என்று யாரும் எண்ண வேண்டா. அமெரிக்க நாட்டிலும் கிறிஸ்துமஸ் படம் இப்படித்தான் வீடு புகுந்தது. 1951 டிசம்பர் 24இல், ‘அமாலும் இரவு விருந்தினரும்’ என்ற பொருள்படும் இசை நாடகம் ஒன்றைத் தொலைக்காட்சிக்கென்றே மெனோட்டி என்பவர் இயற்றி அளித்தார். ஊன்றுகோலோடு நடக்கும் ஓர் ஏழைச் சிறுவனைப் பற்றியது அது. அதற்குப் பணம் தந்தது வாழ்த்து அட்டை விற்கும் ஹால்மார்க் கும்பினி. 1946இல் கொட்டகையிற் பணம் ஈட்டாமற்போன ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ என்னும் படம், 1974இல் அதன் உரிமை புதுப்பிக்கப்படாமையால் விலையின்றிக் கிடைக்கவே, எல்லா நிலையங்களும் அதைக் கிறிஸ்துமஸ்தோறும் காட்டிக் காட்டி மக்கள் நெஞ்சில் நிலைபெறச் செய்தன. ஏழைகள் வீடு கட்டக் கடன் கொடுக்கும் சிறு சங்கத்தை ஒரு பணமூட்டை விழுங்கப் பார்க்கும் கதை அது. நம் ஊர்க் கூட்டுறவுக்காரர் பார்க்க வேண்டியது. பின்னர் அந்த அட்டைக் கும்பினியின் அலைவரிசையே 2009 முதல் பண்டிகைக்கு முன்னர் பல வாரங்கள் புதுப் படங்களை வரிசையாகக் காட்டும் வழக்கத்தைப் பெருக்கிற்று. இப்போது ஓராண்டில் பல பத்துப் படங்கள். பெரும்பாலும் கனடாவில் எடுக்கப்படுபவை. கோடை வெயிலில் செயற்கைப் பனியைத் தூவிக் கம்பளிச் சட்டைக்குள் வேர்த்துக்கொண்டு நடிப்பர். பட்டணத்துப் பெண் சிற்றூருக்கு வருகிறாள். கடையை மூடவிருக்கும் நல்லவன் ஒருவனைக் காண்கிறாள். கடையும் பிழைக்கிறது, காதலும் கைகூடுகிறது. அங்கே அப்படங்களை எடைபோடுவதே ஒரு குடும்ப விளையாட்டு. இன்ன காட்சி இன்ன நிமிடத்தில் வருமென்று பந்தயம் கட்டிச் சிரித்துக்கொண்டே கடைசிவரை பார்க்கின்றனர்.

அவர்கள் சிரித்துக்கொண்டு பார்ப்பதில் நமக்கு வருத்தமில்லை. அவர்களுக்கு ஆண்டில் வேறு ஆயிரம் படங்கள் உண்டு. தங்கள் முகத்தை, தங்கள் பேச்சை, தங்கள் தெருவை எந்நாளும் திரையிற் காண்கின்றனர். பண்டிகைப் படம் பொய் சொன்னால் மற்றொன்று மெய் சொல்லும். நமது நிலை அதுவோ? சுங்கைப் பட்டாணியிலோ நிபோங் திபாலிலோ வளரும் ஒரு தமிழ்ச் சிறுமி, தான் பேசுவதுபோலவே பேசும் ஒருத்தியைத் திரையிற் காண்பது ஆண்டில் எத்தனை முறை? தீபாவளிப் படத்தை விட்டால் விரல்விட்டு எண்ணலாம். ஆகவே அப்படம் பொய் சொன்னால் பொய்யே நின்றுவிடும். இதனாலேயே அதைப் பாட்டியின் தீர்ப்புக்கு விட்டுவிட நமக்கு மனமில்லை.

வீடுகளில் வழங்கும் மற்ற இரு தராசுகளும் இதற்கு உதவா. ஒன்று சென்னைத் தராசு. சண்டை பெரிதாயில்லை, பாட்டு வெளிநாட்டில் எடுக்கவில்லை, கதாநாயகி போதிய வெளுப்பில்லை என்பர். எல்லாவற்றிலும் நமக்கு நெஞ்சை உறுத்துவது, “பேச்சு நன்றாயில்லை” என்பது. ரோத்தான், பாசார், சம்சு என்று நாம் பெற்றோரிடம் கேட்டு வளர்ந்த சொற்கள் திரையில் ஒலித்தால் நாமே வாய்விட்டுச் சிரிக்கின்றோம். சென்னைத் தெருப்பேச்சு திரையில் வந்தால் அது யதார்த்தம். நம் தெருப்பேச்சு வந்தால் கொச்சை. மற்றொன்று இரக்கத் தராசு. “நம்ம பிள்ளைகள் ஏதோ எடுத்திருக்கிறார்கள், ஆதரிக்க வேண்டும்” என்று கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுவது. முதலாவது அவமதிப்பு, இரண்டாவது அதனிலும் பெரிய அவமதிப்பு, ஏனெனில் இனி இவர்களால் மேலேற முடியாது என்று முடிவு கட்டிவிட்டு அளிக்கும் பிச்சை அது.

நாம் பார்க்க விரும்புவது வேறு. படத்தின் முதல் நாழிகையில் சமையலறையில் நிற்கும் பெண் கடைசி நாழிகையில் எங்கே நிற்கிறாள்? குடித்துவிட்டு வரும் தகப்பன் நகைச்சுவைக்கு வைக்கப்பட்டிருக்கிறானா? அவன் குடியால் தோட்டத்தில் எத்தனை அடுப்பு எரியவில்லை என்பதை அறிந்த மக்களுக்கு முன்னே அந்த நகைச்சுவை செல்லுமா? அண்ணன் தம்பி வழக்கைத் தீர்ப்பது அவர்கள் அறிவா, சாமியார் கொடுத்த திருநீறா? தாழ்ந்த சாதி என்று தள்ளப்பட்டவனின் மகளைக் காதலிக்கும் கதையில், கடைசியில் அவளும் உயர்ந்த குடியிற் பிறந்தவளே என்று கண்டுபிடித்துப் பார்ப்பவர் வயிற்றில் பால் வார்க்கிறார்களா? இப்படிப்பட்ட ஒரு முடிச்சுப் போதும், படம் முழுவதும் பேசிய சமத்துவத்தைக் குழிதோண்டிப் புதைக்க. குண்டர் கும்பலில் சேரும் பையனைக் காட்டுகிறார்கள், சேரட்டும். ஏன் சேர்ந்தான் என்று கேட்கும் துணிவு உண்டா, அல்லது தாய் அழுததும் திருந்திவிடுகிறானா?

தோட்டத்தைக் காட்டும் முறையையும் சொல்ல வேண்டும். பண்டிகைப் படங்களில் தோட்டம் என்பது பெரும்பாலும் பழைய நினைவு: காலைப் பனி, பால் வாளி, கோவில் மணி, அன்பான அண்டைவீடு. மூன்று தலைமுறை அங்கே விடியுமுன் பெரட்டுக்கு நின்றதும், தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது லயத்தைக் காலிசெய்யச் சொன்னதும் அந்நினைவில் இடம்பெறுவதில்லை. பத்து காவானில் இன்று ஆலைகள் நிற்கின்றன. 2014இல் திறந்த இரண்டாவது பாலம் அங்கேதான் கரையேறுகின்றது. அம்மண்ணில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே பாலத்தின்மேல் மோட்டார்சைக்கிளில் ஆலைக்கு வேலைக்குப் போகின்றனர். வீடு திரும்பும் மகனின் கதையை ஆண்டுதோறும் எடுப்பவர்கள், திரும்புவதற்கு வீடே இல்லாமற்போனவனின் கதையை ஏன் எடுக்கலாகாது? தீபாவளிக்குச் சோகம் ஆகாது என்பர். 1952இல் அகாத சோகமா வந்தது?

ஆற்றல் இல்லை என்று சொல்ல வழியில்லை. 2005இல் தீபக் குமாரன் மேனன் ‘செம்மண் சாலை’யை எடுத்தார், தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் பெண், படிக்க வேண்டுமென்று விரும்புவதே அதன் கதை. 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் ‘ஜகாட்’ எடுத்தார். 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கிய தமிழரிடையே வளரும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கதை அது. பையன் ஏன் கெட்டான் என்ற வினாவை அது கேட்டது. தாய் அழுதாள், அவன் திருந்தவில்லை. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியல்லாத படங்களைத் தனியே பிரித்து வைப்பது முறையா என்ற பெரும் வாக்குவாதம் எழுந்து, முடிவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்கே கிடைத்தது.

இவ்விரண்டும் பண்டிகைக்கென்று எடுக்கப்பட்டவையல்ல, கொட்டகைக்குப் போனவை. பண்டிகைக் காலையில் ஒரு மனையின் மூன்று தலைமுறையும் ஒருங்கே அமர்ந்து பார்க்கும் பேறு அவற்றுக்கு அன்று வாய்க்கவில்லை. அப்பேறு பெற்ற தொலைக்காட்சிப் படங்களோ அவ்வினாக்களைக் கேட்க இன்னும் தயங்குகின்றன. கேட்டால் வீட்டார் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள் என்று நிலையத்தார் அஞ்சுகின்றனர் போலும்.

‘ஜகாட்’ என்ற பெயரைப் பற்றி ஒரு சொல். மலாயில் ‘ஜஹாட்’ என்றால் கெட்டவன். தோட்டத்துத் தமிழர் நாவில் அது ‘ஜகாட்’ ஆயிற்று. எந்த உச்சரிப்பைத் திரையிற் கேட்டு நம் வீட்டுக் கூடங்களிற் சிரித்தோமோ, அந்த உச்சரிப்பையே திருத்தாமல், மாற்றாமல், படத்தின் நெற்றியில் எழுதிக் கொட்டகை வாயில்களில் ஒட்டியிருந்தார்கள்.